நட்சத்திரத்தைப் படிப்பது துரோகமா?

(அறிவியல் நாளையொட்டி தலித் ஆய்வு மாணவர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பிப்ரவரி 28 என்றால் சர் சி.வி. ராமன். 1928இல் அந்தத் தேதியில்தான் ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய கண்டுபிடிப்பு வந்தது. 1987லிருந்து அதைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுறாங்க. கொண்டாடட்டும், அதில் நமக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதே பிப்ரவரியில் 16ஆம் தேதி என்று ஒன்று இருக்கு. 1956இல் அந்த நாளில், தில்லியில், திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகிற வழியில் மாரடைப்பு வந்து ஒருத்தர் செத்துப்போனார். மேக்நாத் சாஹா. இங்கே உட்கார்ந்திருக்கிற இயற்பியல் மாணவர்களுக்கு அவரைச் சமன்பாடாகத் தெரியும். ஆளாகத் தெரியாது. பாடப்புத்தகம் சமன்பாட்டை உள்ளே எடுத்துக்கிட்டு ஆளை வாசலிலேயே நிறுத்திடுச்சு.

நான் இன்றைக்குப் பேச ஒத்துக்கிட்டது அறிவியல் நாளுக்காக இல்லை. ஒரு கேள்விக்காக. சில மாதத்துக்கு முந்தி ஒரு பொண்ணு என்னைப் பார்க்க வந்துச்சு. வானியற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் வருஷம். எந்த நிறுவனம், எந்த ஊர் என்று நான் சொல்லப்போறதில்லை. அப்பா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி, பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை. "அய்யா, படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றது. ஏம்மா என்றேன்.

"அப்பா வேலைக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும் அம்மா வாசல்லயே உட்கார்ந்திருக்கும்யா. நான் இங்க ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கிற நட்சத்திரத்துல இரும்பு எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். துரோகம் பண்ற மாதிரி இருக்கு. நம்ம தோழர்களே சொல்றாங்க, நம்ம சனத்துக்கு வக்கீல் வேணும், கலெக்டர் வேணும், வானத்தைப் பார்த்து என்ன ஆகப்போகுதுன்னு."

எனக்கு அன்றைக்குப் பதில் வரலை. டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏத்தி அனுப்பிட்டேன். வேதியியல் வாத்தியாராக முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவன் நான். கேட்டது வேதியியல் கேள்வி இல்லைன்னு தப்பிச்சிருக்கலாம். ஆனால் அது வேதியியல் கேள்வியும்தான். அதைத்தான் இப்போ சொல்லப்போறேன்.

சாஹா பிறந்தது 1893 அக்டோபர் 6. டாக்கா பக்கத்தில் செயோராதலி என்கிற கிராமம், இன்றைய வங்கதேசம். மழைக்காலத்தில் வெள்ளத்துக்குத் தப்பாத பகுதி. அப்பா ஜகந்நாத் சாஹா சின்ன மளிகைக் கடைக்காரர். அவர் பிறந்த அன்றைக்குப் புயலும் மழையும் அடிச்சதாம். அதனால் வைத்த பெயர், மேகங்களுக்கு நாதன், அதாவது இந்திரன். பின்னாளில் அவரே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டார், மேகத்தின் நாதம் என்று, அதாவது இடி. அது யார் பேர் தெரியுமா? இந்திரனைக் கட்டி இழுத்து வந்த ராவணன் மகன் பேர். சாதியில் பட்ட அவமானம்தான் பேரை மாற்ற வைத்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சுத்தமாகச் சொல்லிடறேன். சாஹா பட்டியல் சாதி இல்லை. மேற்கு வங்கப் பட்டியலில் 'சுன்ரி' என்ற சாதி இருக்கு. அதிலேயே 'சாஹா நீங்கலாக' என்று எழுதியிருக்கு. ஆனால் மேல்சாதிக்காரன் கையில் தண்ணி வாங்கிக் குடிக்காத சாதி. நம்ம ஆள் என்று சுவரொட்டி அடிக்கிறதுக்காக நான் அவரைத் தூக்கிட்டு வரலை. சாதி ஓர் ஆராய்ச்சியாளனை எப்படி நடத்துச்சு, அந்த ஆராய்ச்சியாளன் பதிலுக்கு எதை ஆராய்ச்சி பண்ணான், அதைப் பார்க்கத்தான்.

கிராமத்தில் ஆரம்பப் பள்ளிக்கு மேல கிடையாது. சில மைல் தள்ளி ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். தன் எச்சில் தட்டைத் தானே கழுவணும், மாட்டைப் பார்த்துக்கணும் என்பது ஏற்பாடு. தட்டைக் கழுவச் சொன்னது சுத்தத்துக்காக இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். பிறகு டாக்கா பள்ளிக்கூடம். வங்கப் பிரிவினைக் கலவரம் நடந்த நேரம், ஆங்கிலேய ஆளுநர் வருகையை எதிர்த்த மாணவர்களோடு சேர்த்து இவரையும் வெளியே தள்ளி உதவித்தொகையையும் பிடுங்கிட்டாங்க. வேறு பள்ளிக்கூடம் போய்ப் படித்து, 1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். வேதியியல் ஆசிரியர் பிரபுல்ல சந்திர ராய். இயற்பியல் ஜகதீச சந்திர போஸ். கூடப் படித்தவர் சத்தியேந்திரநாத் போஸ். இதைவிட வகுப்பறை வேறு என்ன வேணும்? ஆனால் சாயங்காலம் ஆனா விடுதிக்குத்தானே போகணும்? ஈடன் இந்து விடுதி. மேல்சாதி மாணவர்கள் இவரோடு பந்தியில் உட்கார மாட்டோம் என்றார்கள். சரஸ்வதி பூஜையில் கலந்துக்கக் கூடாது என்றார்கள். படிப்புக்குச் சாமி என்று ஒரு சாமியை வச்சிருக்காங்க, அந்தச் சாமி முன்னால் வகுப்பில் நல்லா படிக்கிறவன் நிற்கக் கூடாது.

இப்போ அவர் செய்த வேலைக்கு வர்றேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் வானவில்லில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் கோடு, கைரேகை மாதிரி. நட்சத்திரங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றில் ஹைட்ரஜன் கோடு அழுத்தமாக, இன்னொன்றில் கால்சியம், இன்னொன்றில் ஹீலியம். அப்போ ஒவ்வொரு நட்சத்திரமும் ஒவ்வொரு சரக்கால் ஆனதா? சூரியனில் ரூபிடியம், சீசியம் கோடுகளே காணோம், அங்கே அவை இல்லவே இல்லையா? கோடுகளைப் படம் எடுத்து வகை பிரித்து அடுக்கி வைத்திருந்தார்கள். ஏன் என்று சொல்லத் தெரியலை.

சாஹா இதற்கு விடையை வானத்தில் தேடலை. வேதியியலில் தேடினார். நம்ம ஊர் சுண்ணாம்புக் காளவாயை நினைச்சுக்கோங்க. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். சூடு ஏற ஏறப் பிரிவது கூடும். அந்த வாயு அங்கேயே அடைபட்டு நின்றால் திரும்பச் சேரும், காற்று இழுத்துக்கொண்டு போனால் மேலும் பிரியும். சூடும் அழுத்தமும் சேர்ந்து ஒரு சமநிலையைத் தீர்மானிக்குது. சரி, கல் பிரிகிற மாதிரி அணுவே பிரிஞ்சா? கால்சியம் அணு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாவதை ஒரு வேதிவினையாக எழுதினார். ஜெர்மனியில் நெர்ன்ஸ்ட் வேதிச் சமநிலைக்கு வகுத்த கணக்கை, எக்கர்ட் என்பவர் நட்சத்திர உட்புறத்துக்குப் பயன்படுத்தியிருந்தார். அதைப் படித்த சாஹா, சரியான அயனியாக்க ஆற்றலைப் போட்டுக் கணக்கைச் செய்து முடித்தார். 1920இல் இங்கிலாந்தின் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் வந்தது. எழுதியபோது வயசு 26. கல்கத்தாவில் இருந்து எழுதியது, கையில் சொல்லிக்கொள்கிற மாதிரி கருவி ஒன்றும் கிடையாது. பேப்பரும் பென்சிலும்தான்.

அதன் விளைவு என்ன? நட்சத்திரங்கள் வேறு வேறு சரக்கு இல்லை. கோடு மாறுவதற்கு முக்கியக் காரணம் சூடும் அழுத்தமும். ரூபிடியம் சூரியனில் இல்லாமல் இல்லை, அந்தச் சூட்டில் எலக்ட்ரானை இழந்து நிக்குது, அதனால் வழக்கமான கோடு தெரியலை. கொஞ்சம் குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் தேடுங்கள் என்றார். தேடினார்கள், கிடைச்சது.

பிறப்பால் ஒருத்தன் வேறு சரக்கு என்று சொல்கிற நாட்டில் இருந்து இது போனது. இதை நான் சும்மா மேடைப் பேச்சுக்காகச் சொல்றேன், சாஹா அப்படி எங்கேயும் எழுதலை. விட்டுடலாம்.

அந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒரு பெண் முக்கியம். சிசிலியா பெய்ன். கேம்பிரிட்ஜில் படித்தவர், அங்கே அப்போ பெண்களுக்குப் பட்டம் கொடுக்க மாட்டாங்க, 1948 வரைக்கும் கொடுக்கலை. அமெரிக்கா போய் ஹார்வர்டில் 1925இல் ஆய்வேடு எழுதினார். சாஹா சமன்பாட்டை வச்சுக் கணக்குப் போட்டால் நட்சத்திரங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் மிகப் பெரும் பகுதி என்று வந்தது. பெரிய வானியலாளர் ரஸ்ஸல், இது நடக்காத காரியம் என்றார். அந்தப் பெண் தன் ஆய்வேட்டிலேயே தன் முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று எழுத வேண்டி வந்தது. 1929இல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். 'கைடு' சொன்னார் என்று சரியான கணக்கை அடிச்சுட்டு வர்ற ஆய்வு மாணவர்கள் இங்கேயும் இருப்பீங்க. அதனால்தான் இதைச் சொல்றேன்.

சாஹா 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைத்தார்கள், கிடைக்கலை. அது கிடக்கட்டும். எனக்குப் பிடிச்ச கதை வேறு. டாக்காவில் ஒரு வக்கீல் அவரிடம், நீ அப்படி என்ன கண்டுபிடிச்சே என்று கேட்டாராம். இவர் உற்சாகமாக அயனியாக்கம், நட்சத்திரம் என்று விளக்க விளக்க, வக்கீல் ஒவ்வொரு இரண்டு நிமிஷத்துக்கும், இதில் என்ன புதுசு, எல்லாம் வேதத்தில் இருக்கு என்றாராம். எந்த வேதத்தில், எந்தப் பகுதியில் என்று கேட்டால், நான் படிச்சதில்லை, ஆனால் இருக்கு என்று பதில். 1939 வாக்கில் வங்காளிப் பத்திரிகையில் இதை எழுதி, அதுக்குப் பிறகு இருபது வருஷமா வேதங்களையும் புராணங்களையும் சோதிடத்தையும் தேடிப் பார்த்தேன், நவீன அறிவியல் எதுவும் அங்கே இல்லை என்று சொன்னார். எதிர்த்து எழுதினவங்களுக்கும் விடாமல் பதில் கொடுத்தார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடினது சமன்பாட்டால் இல்லை, இதனால்தான்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் நம்ம பக்கத்திலும் இந்த வக்கீல் இருக்கார், தோழர்களே. எல்லாம் சித்தர் பாட்டிலேயே இருக்கு, எல்லா நோய்க்கும் நம்ம ஓலையில் மருந்து இருக்குன்னு சொல்றவங்க. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர், 1907இல் இதழ் தொடங்கி நமக்கு ஒரு வரலாறு கேட்டவர். அவரைக் கொண்டாடுறது வேறு. சோதிச்சுப் பார்க்க மாட்டேன்னு சொல்றது வேறு. பார்ப்பான் சொன்னாத்தான் பொய், நாம சொன்னா மெய் என்பது பகுத்தறிவு ஆகாது.

சாஹாவின் ஆசிரியர் பி.சி. ராய் என்றேன் இல்லையா? அவர் இந்து வேதியியல் வரலாறு என்று இரண்டு பாகம் எழுதினார், 1902இல் ஒன்று, 1909இல் ஒன்று. காயஸ்தர், தேசியவாதி. பழைய நூல்களில் இருக்கிற உலோகம், பாதரசம், அமிலம் பற்றியெல்லாம் பெருமையோடு எழுதிட்டு, அப்புறம் இது ஏன் செத்துப்போச்சு என்று கேட்கிறார். அவர் சொன்ன காரணம் சாதி. தொழில்கள் தாழ்ந்த சாதியின் கையில் தள்ளப்பட்டன, படித்தவன் கையால் செய்வதை விட்டான், செய்கிறவனுக்கு ஏன் என்று கேட்கிற படிப்பு மறுக்கப்பட்டது. பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றானபின் அறுவை மருத்துவமும் உடற்கூறும் போச்சு. மனு, புராணம், சங்கரரின் மாயாவாதம் எல்லாவற்றின் மேலும் பழி போடுகிறார். நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு வேதியியல்காரர் எழுதியது இது. எங்க வேதியியல் பாடத்தில் இந்தப் பக்கத்தை யாரும் சேர்க்கலை.

ராய் சொன்னதில் எனக்கு ஒரு சண்டை உண்டு. செய்கிறவனிடம் அறிவே போய்ச்சேரலை என்கிற மாதிரி அதைப் படிக்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் தோல்ஷாப்புகளில் நம்ம ஆட்கள் செய்ததை நினைச்சுப் பாருங்க. உப்புத்தோலை ஊற வைக்கணும், சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் கழியணும், சதை சீவணும், ஆவாரம்பட்டைத் தண்ணியில் போட்டு எடுக்கணும், கடுக்காய் பிடிக்கணும். பட்டையில் இருக்கிற டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகாமல் நிறுத்துது என்று நான் பட்டப் படிப்பில் படித்தேன். எந்தப் பதத்தில் எடுக்கணும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று விரலால் அழுத்திப் பார்த்துச் சொன்னவன் ஒரு வகுப்பும் படிக்கலை. அவனும் சோதிச்சான், தப்பு பண்ணான், திருத்தினான். அது ஆராய்ச்சிதான். எழுதி வைக்கிற உரிமை இல்லை, அவ்வளவுதான். 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினாங்க. தோல் கட்டடத்துக்குள்ள வந்ததும் அறிவியல் ஆயிடுச்சு. அதுவரைக்கும் தீட்டு.

இனி என் குற்றத்துக்கு வர்றேன்.

வேதியியல் படித்தவர்களுக்குக் கிப் கருவி தெரியும். மூன்று கண்ணாடிக் குமிழ் ஒன்றன்மேல் ஒன்று. நடுக் குமிழில் இரும்பு சல்பைடு கட்டிகள், மேலேயிருந்து அமிலம். குழாயைத் திறந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். உப்புப் பகுப்பாய்வில் இரண்டாம் தொகுதிக்கும் நான்காம் தொகுதிக்கும் அந்த வாயுதான். செம்பு, ஈயம் இருந்தா கறுப்பு வீழ்படிவு. வருஷா வருஷம் முதல் வகுப்பில் நான் சொல்வது: அழுகிய முட்டை நாத்தம், ஜன்னலைத் திறந்து வை, கிட்டப் போய் மோந்து பார்க்காதே. பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை, இதே வாயுதான் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் நம்ம அப்பன், அண்ணனைக் கொல்றது என்று. எனக்குத் தெரியாமல் இல்லை. பாடத்திட்டத்தில் இல்லை. அதோட, வாத்தியார் வேலைக்கு வந்துட்டோம், வகுப்பில் மலக்குழியைப் பேசினால் என்ன சாதி என்று எல்லாருக்கும் தெரிஞ்சுடும் என்கிற பயம். அதுதான் உண்மை. அந்தப் பொண்ணு துரோகம் என்ற சொல்லைச் சொன்னப்போ எனக்குச் சுருக்குனு குத்தினது அதனால்தான்.

இப்போ சொல்றேன், தாமதமாகத்தான். சாக்கடைச் சேற்றில் காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் கந்தகச் சேர்மங்களிலிருந்து இந்த வாயுவை உண்டாக்கும். அது சேற்றுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். குச்சியால் கிளறினாலோ காலை வைத்தாலோ மொத்தமாகக் கிளம்பும். காற்றைவிடக் கனம், அதனால் அடியில் தங்கும். மிகக் கொஞ்சமாக இருந்தா நாத்தம் தெரியும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போச்சுன்னா சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும். நாத்தம் போயிடுச்சு, இப்போ இறங்கலாம்னு நினைப்பான் பாருங்க, அப்போதான் ஆபத்து கூடுது. ஐந்நூறைத் தாண்டினால் மயக்கம், ஆயிரம் பக்கம் போனால் ஓரிரு மூச்சில் ஆள் விழுவான். உடம்பின் உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற இடத்தையே அது அடைச்சுடும். கூடவே மீத்தேன் இருக்கும், ஆக்சிஜன் குறைவாக இருக்கும். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்க்கிற வழக்கம் இருக்கே, அது இந்த வாயு கொல்கிற அளவில் இருக்கா என்று சொல்லாது. மீத்தேன் இருந்தா தீப்பிடிக்கும். ஈய அசிடேட் தடவிய தாளை நூலில் கட்டி இறக்கினால் இந்த வாயு பட்டதும் கறுக்கும். எங்க ஆய்வகத்தில் அந்தத் தாள் சும்மா கிடந்தது. ஆனால் ஒன்று, தாள் கறுக்கலைன்னா இறங்கலாம்னு யாரும் எடுத்துக்காதீங்க. அது வாயுவைக் காட்டிக்கொடுக்கிற தாள், ஆளை இறக்குவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. ஆள் இறங்கவே கூடாது.

இது ஏதோ புது ஆராய்ச்சி என்று நினைச்சுடாதீங்க. 1895 ஜூலையில் லண்டனை ஒட்டிய ஈஸ்ட் ஹாமில் கழிவுநீர் நிலையக் குழியில் ஒரு தொழிலாளி இறங்கி விழுந்தார். காப்பாற்ற ஒருத்தர் பின் ஒருத்தராக நாலு பேர் இறங்கினாங்க. ஐந்து பேரும் செத்தாங்க. நம்ம ஊர்ச் செய்தி மாதிரியே இருக்கு இல்ல? ஹால்டேன் என்ற உடலியங்கியல் அறிஞர் அங்கே போய் விசாரித்து, கொன்றது ஹைட்ரஜன் சல்பைடுதான் என்று 1896இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். காப்பாற்றப் போய்ச் செத்த நாலு பேர் பெயரும் லண்டனில் ஒரு பூங்காச் சுவரில் ஓட்டில் எழுதிச் சுட்டுப் பதிச்சிருக்கு, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

இங்கே என்ன? 1993இல் ஒரு சட்டம். 2013இல் இன்னொரு சட்டம். 1993க்குப் பிறகு செத்த ஒவ்வொருத்தர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகலை என்று அரசு சொன்னது. சாக்கடையில் செத்தவனை வேறு கணக்கில் எழுதிடறாங்க, அது 'விபத்து'. அந்த விபத்துக் கணக்கில் தமிழ்நாடு முன் வரிசையில் நிக்குது. சமூக நீதி மண் என்று பேசுறோம். எந்திரம் இல்லாமலும் இல்லை, 2018இல் திருவனந்தபுரத்தில் ஆளுக்குப் பதில் இறங்குகிற எந்திரத்தை ஓட்டிக் காட்டினாங்க.

ஆக, விடை 1896லேயே கிடைச்சது. மிச்சம் இருக்கிறது கேள்வி. நம்ம ஊர்ச் செப்டிக் டேங்கில், நம்ம வெயிலில், எந்த மாசத்தில் எவ்வளவு வாயு சேருது? இருபது வருஷம் இறங்கி உயிரோட இருக்கிறவன் நுரையீரல், கண், ஞாபகசக்தி என்ன ஆகுது? நம்ம குடிசைத் தெருவின் குறுகலான சந்துக்குள் போகிற எந்திரம் எப்படி இருக்கணும்? இதுக்கெல்லாம் ஆய்வேடு எத்தனை வந்திருக்குன்னு உங்க நூலகத்தில் போய்த் தேடிப் பாருங்க. கேள்வி வானத்திலிருந்து விழாது. அந்தக் குழியோரத்தில் நின்றவனுக்குத்தான் முதலில் தோணும்.

சாஹாவையே பாருங்க. நட்சத்திரத்தோடு நிக்கலை. வெள்ளத்தில் வளர்ந்த ஆள், வட வங்க வெள்ள நிவாரணத்தில் ராயோடு அலைந்தவர், ஆற்றுக்கு இயற்பியல் வேணும், ஆய்வுக்கூடம் வேணும் என்று கத்திக்கிட்டே இருந்தார். 1935இல் 'சயின்ஸ் அண்ட் கல்ச்சர்' இதழைத் தொடங்கி அதில் எழுதி எழுதிக் குவித்தார். 1943இல் தாமோதர் ஆறு கரை உடைத்தபோது அமைத்த விசாரணைக் குழுவில் உறுப்பினர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு மாதிரி முழு ஆற்றையும் ஒன்றாகத் திட்டமிடணும் என்று வாதாடினார். அந்த நேரத்தில் தில்லியில் அந்தத் துறை யார் கையில் இருந்தது? வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர் டாக்டர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை. தாமோதர் திட்ட மாநாட்டைக் கல்கத்தாவில் தலைமை தாங்கி நடத்தியவர் அவர்தான். விடுதிப் பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் போட்ட கணக்கும், வகுப்பில் சாக்கில் உட்கார வைக்கப்பட்டவர் போட்ட கையெழுத்தும் ஓர் ஆற்றில் போய்ச் சேர்ந்தன. அந்த அணைகளில் சந்தால் ஆதிவாசிக் கிராமங்கள் முங்கிப்போச்சு என்பதையும் சொல்லணும். அவங்க பக்கத்திலிருந்து கணக்குப் போட அந்த மேசையில் ஆள் இல்லை.

1952இல் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றம் போனார் சாஹா. திட்டக் குழுவோடு சண்டை, அணுசக்தியை மூடி மறைப்பதோடு சண்டை. கல்கத்தாவில் அவர் உருவாக்கிய அணுக்கரு இயற்பியல் நிறுவனத்துக்கு அவர் செத்தபின் அவர் பேரையே வச்சாங்க.

இப்போ அந்த நிறுவனத்தின் வாசலுக்கு வாங்க. 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீடு என்று ஒரு சட்டம் வந்தது, படிச்சிருப்பீங்க. அதன் 4ஆம் பிரிவையும் படிங்க. சிறப்பு நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு பட்டியல் இணைச்சிருக்காங்க. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நம்ம கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், சென்னை தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம். அந்த வரிசையில் சாஹா நிறுவனமும் இருக்கு. அவர் பேரைப் பலகையில் எழுதிக்கிட்டு, ஆசிரியர் பணியில் இடஒதுக்கீடு வேண்டாம் என்கிற பட்டியலில் நிக்குது. இது புதுசும் இல்லை. உயர்நிலை ஆராய்ச்சிப் பதவிகளுக்கு விலக்கு கொடுக்கிற உத்தரவு 1975லேயே இருக்கு. விளைவு என்ன என்று பார்ப்பனரல்லாத பத்திரிகையைப் பார்க்க வேண்டாம், 2023 ஜனவரி 'நேச்சர்' இதழைப் பாருங்க. அறிவியல் தொழில்நுட்பத் துறை இளம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிற 'இன்ஸ்பயர்' ஆசிரிய நல்கை, 2016 முதல் 2020 வரை நூற்றுக்கு எண்பது மேல்சாதிக்குப் போயிருக்கு. தலித்துகளுக்கு ஆறு. ஆதிவாசிக்கு ஒன்றுகூட இல்லை.

அதே 2016 ஜனவரி 17இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். அவன் என்ன ஆக ஆசைப்பட்டான்? கார்ல் சாகன் மாதிரி அறிவியல் எழுதுகிறவனாக. நட்சத்திரத்தைப் பற்றி எழுதணும் என்கிற ஆசையை நம்ம பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. அவனுக்கே இருந்தது.

அதனால் வானத்தைப் பார்த்து என்ன ஆகப்போகுது என்று கேட்கிற தோழர்களிடம் நான் திருப்பிக் கேட்கிறேன். தலித் பிள்ளைக்குத் துயரம் மட்டும்தான் ஆராய்ச்சித் தலைப்பு, ஹீலியம் மத்தவனுக்கு என்று யார் பிரிச்சது? அது நாம பண்ணின பாகப்பிரிவினை இல்லை. ஏற்கனவே ஒருத்தன் பண்ணி வச்சது. நாம கையெழுத்து மட்டும் போடுறோம்.

அந்தப் பொண்ணுக்கு இவ்வளவையும் போன வாரம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துச்சு. அப்புறம், "அய்யா, சேற்றுக்குள்ள அடங்கியிருக்கிற வாயு கிளறினா எவ்வளவு வெளிய வரும்னு கணக்கு இருக்கா? அதுவும் சமநிலைதானே?" என்றது. ஆமாம்மா, சமநிலைதான் என்றேன். இரண்டு நாளில் கணக்குப் போட்டு அனுப்பிடுச்சு. நான் போட்ட ஓர் எண் தப்பு என்றும் எழுதியிருந்தது. பார்த்தேன், தப்புதான்.

வாசலில் மேசை மேல் இரண்டு பக்கத் துண்டறிக்கை வச்சிருக்கேன். மலக்குழி வாயு பற்றித் தமிழில், தொழிலாளர் குடும்பம் படிக்கிற மாதிரி. அந்தக் கணக்கும் அதில் இருக்கு. போகும்போது பத்துப் பத்து எடுத்துக்கிட்டுப் போங்க. வேதியியல் பிள்ளைங்க முதலில் படிச்சு, தப்பு இருந்தா இன்றைக்கு ராத்திரிக்குள்ள எனக்குச் சொல்லுங்க, நாளைக்கு இன்னும் ஆயிரம் அடிக்கணும். படிப்பை விடுறதா வேண்டாமா என்று அந்தப் பொண்ணு இன்னும் சொல்லலை. நானும் கேட்கலை.